சாரல் விருந்தாளிகளும் அக்காவின் ஊசியும்

வலி மருந்து யாருக்கு? வலிப்பவருக்கா, அந்த வலியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவருக்கா?

சென்ற குற்றால சீசனில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

தென்காசியில் இருக்கும் என் அக்கா, ஐந்தருவியில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி தினமும் வேண்டும், பொறுக்க முடியாத வலிக்கு மட்டும் பெத்தடின் ஊசி, அதுவும் முதல் சில நாட்களுக்கு; பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

அத்தான் ஊசியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்.

சீசன் வந்தால் தென்காசி வீடுகள் எல்லாம் சத்திரம்தானே? சென்னை, பம்பாய் என்று எங்கள் சொந்தம் முழுக்க வந்து இறங்கியது. அருவியில் குளித்த ஈரத் தலையோடு அக்காவைப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் வருவதற்கு முன்பும் அத்தான் சைக்கிளில் பறந்துபோய்க் கம்பவுண்டரை அழைத்து வருவார்.

"வந்தவங்க முன்னால அவ முகம் சுண்டக்கூடாதுல்லா மாப்ளே! அவ முனங்குனா எனக்குத் தாங்க மாட்டேங்கு."

ஊசி ஏறியதும் அக்கா சிரித்த முகமாக எல்லோரையும் விசாரிப்பாள்.

"ஆபரேஷன் பண்ணுனவ மாதிரியா இருக்கா? கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கா!" என்று வியந்தார் பம்பாய் சித்தி.

பிறகு அக்கா உறங்கிவிடுவாள். பயிற்சி? கால் கட்டைபோல் நீண்டு கிடந்தது...

ஒரு மத்தியானம் வீட்டில் விருந்தாளிகள் இல்லை. அக்கா என்னை அழைத்தாள்.

"ஏலே தம்பி, அத்தானக் கூப்பிடு. கம்பவுண்டர் வரட்டும்."

"ரொம்ப வலிக்காக்கா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலி அவ்வளவு இல்லலே. ஊசி வேணும்போல இருக்கு. எனக்கே பயமா இருக்கு. அவுககிட்ட சொல்லிராத, ஒடஞ்சி போயிருவாக."

சொன்னால் ஒரு நல்ல மனிதர் நொறுங்குவார். சொல்லாவிட்டால்? அக்கா நடக்க முடியாமல் போவதோடு, ஊசியின்றி இருக்க முடியாதவளாகவும் ஆகிவிடக்கூடும்.

அத்தானிடம் சொன்னேன்.

மறுநாளே அக்காவை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை.

"சட்டுன்னு நிறுத்த வேண்டாம். நான் சொல்லுத மாதிரி கொறைச்சிட்டு வாங்க. பெறவு மாத்திரை போதும். கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும், அதோடயே மடக்கணும். யாராவது பக்கத்துல இருங்க."

யாராவது என்ன... அத்தானேதான் இருந்தார். குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்குவார். அக்கா அவர் பரம்பரையையே திட்டித் தீர்ப்பாள்.

"மெள்ள! எங்காலு என்ன, ஒங்க சைக்கிள் பெடலுன்னு நெனச்சீகளா?"

"நீ வையி தாயி, நான் மடக்குதேன்" என்பார் அத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. முதல் நாட்களில் அது இல்லாவிட்டால் அக்கா தாங்கியிருக்க மாட்டாள். ஆனால் நாம் நேசிப்பவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம்! அந்தச் சத்தத்தை அடக்கத்தான் பல வேளைகளில் அவசரப்படுகிறோம் — அதற்கு அன்பு என்றும் பெயர் வைத்துவிடுகிறோம்.

அக்காவுக்கு இப்போது ஊசி இல்லை. முழங்கால் முழுதாக மடங்காது. தாங்கித் தாங்கி நடக்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கு வலித்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்ட பிறகே மருந்துக்கு எழுகிறோம்.