ஆளுக்கொரு காது

கவுன்சிலில் என் வேலை மறுப்பது. கார் நிறுத்தியதற்கு அபராதம் விழுந்த சனங்கள் எழுதும் முறையீடுகளை வாசித்து, உங்கள் காரணத்தை ஏற்க முடியவில்லை என்று மரியாதையாகப் பதில் போடுவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, எனக்கு அபிப்பிராயம் சொல்வதென்றால் நல்ல விருப்பம். சொன்ன அபிப்பிராயத்தை மாற்றுவதென்றால் அறவே பிடிக்காது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் இவர் சொல்லுவார். அப்படிச் சொன்னதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்படிப்பட்ட எனக்கு ஐம்பதை எட்டும் வயதில் ஒரு ஜப்பான் பாட்டுக் குழுவின் மேல் விசர் பிடித்தது. ஐந்து ஆண்கள். ஒருவரும் இளந்தாரி இல்லை. வாத்தியம் ஒன்றும் கிடையாது, எல்லாம் தொண்டைதான். மேளச் சத்தம்கூட ஒருவர் வாயாலேயே போடுவார். ஜப்பான் மொழியில் எனக்கு நன்றி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதுபற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

அவர்களை எனக்குக் காட்டித் தந்தவள் ரயிலில் பக்கத்தில் இருந்த ஒருத்தி. வீட்டுக்குப் பக்கத்தில், மோர்டனில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தியையும் பொட்டையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுகமில்லையே?" என்று தமிழில் கேட்டேன். அவள் வலது காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். துடைக்காத வாங்குப் பலகையில் இருக்கமாட்டாத நான், முன்பின் தெரியாத ஒருத்தியின் காதில் இருந்ததை வாங்கி என் காதில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் தேவாரம் பாடிப் பழகியவள். எங்கள் ஆட்கள் கூடிப் பாடினால் எல்லாருக்கும் ஒரே மெட்டுத்தான். யாராவது கொஞ்சம் விலகினால் முன்வரிசையிலிருந்து ஒரு முறைப்பு வரும். இங்கே ஐந்து பேரும் ஐந்து வழியால் போகிறார்கள். ஒருவர் மேலே ஏறுகிறார், ஒருவர் கீழே அமர்ந்தபடி இருக்கிறார், நடுவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுற்றுகிறார்கள். கடைசியில் எல்லாரும் ஒன்றாய் வந்து நிற்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் முட்டாமல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போய்விட்டது. இறங்க வேண்டிய நிலையத்தையும் விட்டுவிட்டேன்.

அவள் மலேசியத் தமிழ். ஈப்போவிலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்து, இங்கேயே வேலையும் கலியாணமுமாகி, நகரத்தின் மற்றக் கோடியில், பிளேஸ்டோவில் வீடு. அப்போது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவள். என்னை அக்கா என்பாள். நான் அவளை எங்கள் வழக்கப்படி 'நீர்' என்றேன். முதல்தரம் அதைக் கேட்டு ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தாள். அவள் ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்களாம், நாடகத்தில் ராஜா மந்திரியோடு பேசுவதுபோல இருக்கிறதாம். ஆனால் மாற்றவும் விடவில்லை, அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

பாட்டுக்காரர்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அடிக்குரலில் பாடும் மூத்தவர் எனக்கு அண்ணை. உச்சத்துக்குப் போகிறவர் அவளுக்குத் தம்பி. மற்ற மூவரும் எங்களுக்குப் பொது. எங்களுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. அந்தக் குழுவின் ஆல்பங்கள் போனில் வராது, ஜப்பானிலிருந்து சீடியாகத்தான் வரும். பார்சல் பிளேஸ்டோவுக்கு வந்ததும் அவள் பிரிக்காமல் சனிக்கிழமை மோர்டனுக்குக் கொண்டு வருவாள். பூங்காவில் ஆற்றோரத்து வாங்கில் இருந்து, பழைய சீடி பிளேயரில் போட்டு, ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காதாகக் கேட்போம். வலது எனக்கு, இடது அவளுக்கு. முதல் நாள் ரயிலில் அப்படி அமைந்தது, பிறகு மாற்றவில்லை. ஆல்பம் முடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. இரண்டு பேரும் இரண்டு காதாலும் கேட்க வசதியாக இவர் ஒருமுறை இன்னொரு இயர்போனும் அதற்கு ஒரு இணைப்பும் வாங்கித் தந்தார். அது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

போன இலையுதிர் காலத்தில், மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு, புது ஆல்பம் வந்தது. அதே வாங்கு, அதே வெயில் இல்லாத சனிக்கிழமை. பாட்டுத் தொடங்கியது. நடுக்குரல்காரர் தொடங்கினார், தம்பி மேலே பறந்தார். நான் அண்ணைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் அண்ணை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சரி, அடுத்ததில் வருவார் என்று பார்த்தால் அதிலும் இல்லை. வாய்மேளக்காரரையும் காணவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் தம்பியும் இன்னொருவரும் என் காதுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வயது போய்விட்டதென்று அந்த மனிசனை ஒதுக்கிவிட்டார்களோ என்று மனதுக்குள் பொருமினேன்.

முடிந்ததும் அவளைப் பார்த்தேன். முகம் பூரித்துப்போய் இருந்தாள். இதுவரை வந்ததிலேயே இதுதான் நல்லது என்றாள். என்ன ஒரு கனம், என்ன ஒரு ஆழம், நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறதாம். தம்பி ஒருவழியாக அடங்கி ஒடுங்கிப் பாடப் பழகிவிட்டாராம்.

அடங்கி ஒடுங்கியோ? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்திவாரமே இல்லாத வீட்டைக் கட்டிவிட்டு நிற்கிறார்கள், அதற்கு நீர் பால் காய்ச்சுகிறீரோ என்று கேட்டேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. ஆற்றிலிருந்த வாத்துகள் அந்தப் பக்கமாகப் போய்விட்டன. கடைசியில் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"உமக்குக் காது கேக்கேல்லையோ, இல்லாட்டிச் சங்கீதமே விளங்காதோ?"

அவள் இயர்போனைச் சுருட்டினாள். சீடியையும் பிளேயரையும் பைக்குள் திணித்தாள். எழுந்து நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கு எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணியே பழக்கமாயிடுச்சுக்கா. மனுஷங்களையும்" என்றாள். பிறகு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனாள். நான் வாங்கை விட்டு எழும்பவில்லை.

ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு தகவல் இல்லை. தினமும் காலையில் ரோசாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புகிறவள். கண்டறியாத ரோசாப்பூ என்று நான் திட்டாத நாள் இல்லை. இப்போது காலையில் எழும்பியதும் போனை எடுத்து, அந்தக் கண்டறியாத ரோசாப்பூ வந்திருக்கிறதா என்று பார்த்தேன். போய்க் கதையுமன் என்றார் இவர். அவள்தானே எழும்பிப் போனவள், அவளே வரட்டும் என்றேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொந்தம், அல்லது சொந்தத்தின் சொந்தம், கலியாண வீட்டில் கண்டு பழக்கமானவர்கள். நானாகத் தேடிக்கொண்ட ஒரே ஒருத்தி அவள். அது எனக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வீம்பை ஓரிடத்தில் இறக்க வேண்டுமே. இந்தக் குழுவின் இரசிகர்கள் இணையத்தில் கூடும் பக்கம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஆட்கள், எல்லாரும் அரைகுறை ஆங்கிலத்தில் கதைப்பார்கள். புது ஆல்பத்தைப் பற்றி அங்கே பெரிய திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பிரேசில்காரர் ஒருவர் முந்தின ஆல்பத்தில்தான் சூடு இருந்தது, இதில் ஸ்டூடியோ வாசம் அடிக்கிறது என்று எழுதியிருந்தார். இல்லை, மூச்சு இழுக்கும் சத்தத்தைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அதைவிட என்ன சூடு வேண்டும் என்று ஒரு ஜெர்மன்காரர் கோபப்பட்டிருந்தார். அவர் ஒவ்வொரு பாட்டிலும் யார் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார் என்று அட்டவணையே போட்டிருந்தார். மெதுவான பாட்டுகள் கூடிப்போச்சு என்று ஒரு கூட்டம். மெதுவில்தான் இவர்களின் சுருதிச் சுத்தம் தெரியும் என்று இன்னொரு கூட்டம். இவர்களுக்கு நடுவில் போய் நான் என் தீர்ப்பை எழுதினேன், கவுன்சில் கடிதத்தின் நடையிலேயே. மூத்த பாடகரை ஒதுக்கிய இந்த ஆல்பத்தை என்னால் ஏற்க முடியவில்லை என்று முடித்தேன்.

பதில்கள் வந்தன. நீங்கள் கேட்டது வேறு ஆல்பமாக இருக்கும் என்றார் பிரேசில்காரர். ஜெர்மன்காரர் அட்டவணையை மறுபடியும் போட்டார். நான் ஒருவரையும் மதிக்கவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஜப்பானில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா எழுதியதை வாசித்தேன். எழுத்திலேயே குனிந்து வணங்குகிற மாதிரி அப்படி ஒரு பணிவு. முந்தின ஆல்பங்களைப் போல இரண்டு காதிலும் எல்லாரையும் கலந்து விடாமல், இந்த ஆல்பத்தைக் கேட்கிறவர் ஐந்து பேருக்கும் நடுவில் நிற்பதுபோலப் பதிவு செய்திருக்கிறார்களாம். மூத்த பாடகரும் வாய்மேளக்காரரும் இடது பக்கம், உயர்ந்த குரல்கள் வலது பக்கம், ஒருவர் மட்டும் நடுவில். பிறகு ஒரு கேள்வி. மன்னிக்க வேண்டும், உங்கள் இடது பக்க இயர்போன் சரியாக வேலை செய்கிறதா?

என்னை என்ன, காது கேளாதவள் என்று நினைத்தாளோ என்று வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினேன். கை தானாக இடது காதுக்குப் போயிற்று.

குழு வெளியிட்டிருந்த ஒரு நிமிட வீடியோத் துண்டு ஒன்று இணையத்தில் கிடந்தது. கோபத்தில் அதை நான் திறந்தும் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரியிடம் ஹெட்போன் இரவல் வாங்கி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போட்டேன். இடது பக்கத்திலிருந்து அண்ணை வந்தார். என்ன வருகை! ஒதுக்கவுமில்லை, ஒன்றுமில்லை. மனிசன் முழுப் பாட்டையும் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். நான் ஒப்பீசில் எல்லாருக்கும் கேட்கச் சிரித்தேன், பிறகு அழுதேன். பக்கத்து மேசைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். அன்று மேசையில் இருந்த முறையீடு, மரக்கிளை பாதி மறைத்ததால் அறிவிப்புப் பலகையை வாசிக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதியது. படத்தைப் பார்த்தேன். கிளை உண்மையிலேயே பாதியை மறைத்துக்கொண்டுதான் நின்றது. அவருடைய அபராதத்தை நீக்கினேன்.

இரசிகர்களின் பக்கத்தில் போய், நான் பாதிதான் கேட்டேன், மன்னியுங்கோ என்று எழுதினேன். உலகம் முழுக்க இருந்து சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன. அட்டவணைக்காரர்கூடச் சிரித்தார். ஆனால் எனக்கு வேறொன்று உறைக்கத் தொடங்கியிருந்தது. நான் பாதி கேட்டேன் என்றால் மற்றப் பாதியைக் கேட்டவள் அவள். அவள் காதில் அண்ணை மட்டும்தான் இருந்தார், தம்பி இல்லை. அவள் சொன்ன கனமும் ஆழமும் அத்தனையும் உண்மை. அவளைப் பார்த்துத்தான் நான் காது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை மீன் கட்லெட் பொரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பிளேஸ்டோவுக்குப் போனேன். போன் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். ரயில் முழுக்க என்ன சொல்வதென்று யோசித்து, நல்ல நல்ல வசனங்களாக அடுக்கி வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் ஒன்றுகூட வரவில்லை.

"நான் பாதிதான் கேட்டனான்" என்றேன். "நீரும் பாதிதான் கேட்டனீர்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்றபடியே, இடம் எது வலம் எது என்று கையைக் காட்டிக் காட்டி, பியானோ அம்மாவின் கதை முழுவதையும் ஒப்புவித்தேன். கேட்கக் கேட்க அவள் வாய் மெல்லத் திறந்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே அலுமாரியிலிருந்து அந்தப் பையை எடுத்து வந்தாள். பூங்காவில் திணித்தது திணித்தபடியே இருந்தது. இயர்போன் வயர் சிக்குப்பட்டு, சீடி இன்னும் பிளேயருக்குள்ளேயே. அதை எடுத்து வீட்டிலிருந்த பெரிய செட்டில் போட்டாள். ஸ்பீக்கர்கள் இரண்டையும் இழுத்து இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் கம்பளத்தில் இருவரும் சப்பாணி கட்டி இருந்தோம். ஐந்து பேரும் அந்தச் சின்ன அறைக்குள் வந்துவிட்டார்கள். என் பக்கத்தில் அண்ணை நின்று பாடினார். அவள் பக்கத்திலிருந்து தம்பி ஏறியபோது, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கக் கூடாதென்ற சட்டத்தை அன்றைக்கு இருவருமே மீறினோம். பாட்டு நெடுக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

முடிந்தபிறகு அவளுடைய கணவர் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, நிலைமையைப் பார்த்து மெல்ல விலகிப் போனார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒன்பது கிழமை சீடி இவள் கையில்தான் இருந்தது. செட்டும் இருந்தது. ஒரேயொரு தரம் போட்டிருந்தால், முதல் பாட்டிலேயே நடந்தது என்னவென்று தெரிந்திருக்கும். என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசி வென்றிருக்கலாம். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

அவள் கட்லெட் ஒன்றை எடுத்துப் பாதியாய் உடைத்தாள்.

"தனியா கேட்டு என்னக்கா பண்றது? யாருகிட்டச் சண்டை போடுறது?"

நான் சொன்னதை மன்னித்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி மறித்துவிட்டு, அந்த மூன்றாவது பாட்டில் தம்பி கொஞ்சம் முந்திக்கொண்டு உள்ளே வருகிறார், அதுதான் அந்த ஆல்பத்துக்கே குறை என்றாள். நான் தேநீரைக் கீழே வைத்தேன். முந்தவில்லை, அண்ணைதான் பிந்துகிறார், வேண்டுமென்றே பிந்துகிறார் என்றேன். அவள் எழும்பிப் போய் அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டாள்.