சக்கரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற, முற்றத்தில் எஞ்சின் மூடியைக் கழற்றினேன். பல்சக்கரத்தில் சிவப்புக் கியூடெக்ஸ் புள்ளி. பார்த்ததுமே அதன் மணம் மூக்கில் ஏறியது.

முன்பு அப்பா பெல்ட் மாற்றியபோது, சக்கரம் நின்ற இடம் பிசகாமலிருக்க அக்காதான் அந்த அடையாளத்தை வைத்தாள். மிச்சத்தை என் நகத்தில் பூசி, "ஆட்டாத, அழிஞ்சிரும்" என்று ஊதினாள். அவளே பொறுக்காமல் ஈரப் புள்ளியைத் தொட்டாள்; ரேகை பதிந்தது. அப்பா ஏசினார்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் நானும் அப்பாவும் இந்தக் காரில் செங்கலடிக்குப் போயிருந்தோம். வீட்டில் அக்கா இருந்தாள். அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எண்ணெய்ப் பிசுக்குப் போக, தின்னர் நனைத்த துணியால் சக்கரத்தைத் துடைக்கப் போனேன். கதிரையில் இருந்த அப்பா எழும்பி வந்து கையைப் பிடித்தார்.

"அதத் துடைக்காத புள்ள. அவள்ட விரல் அதிலதான் கிடக்கு."