தோற்றவர்கள் எழுதிய விமர்சனம்

என் மேசை இழுப்பறையில் பழைய காலண்டர் தாள் ஒன்று மடிந்து கிடக்கிறது. முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் விதவிதமான கையெழுத்துகள். நடுவில் என்னுடைய ஒரு வரி, அதன் மேல் சிவப்புக் கோடு. விரித்தால் போதும், எண்பதுகளின் சிங்கப்பூர்த் தேக்கா ஈரக் குடையோடு உள்ளே வந்துவிடும்: மல்லிகை, டீசல், மாவரைக்கும் கடையின் மிளகாய் நெடி, நான் விற்பனையாளனாக இருந்த மின்சாதனக் கடையின் வாசலில் இரைகிற தொலைக்காட்சி.

கடையை நடத்தியவர் மேனேஜர் அக்கா. தீவின் கிழக்கே பிடோக்கிலிருந்து முதல் ஆளாக வந்து கதவு திறப்பார். முதலாளி வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், வீடியோ கேம் பெட்டியில் செருகி ஆடும் காற்பந்து கேட்ரிட்ஜுகளை இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வரவழைத்தார். சரக்கு இறங்கிய வாரமே வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அந்த ஆட்டத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியது. ஆட்டக்காரர்கள் வெறும் கட்டங்களாம். அணிக்கு மூன்றே பேராம். மூவரும் கயிற்றில் கட்டியதுபோல் சேர்ந்தே ஓடுகிறார்களாம். முதலாளி பத்திரிகையை அக்காவின் மேசைமேல் எறிந்தார். “தீபாவளிக்குள்ள இதெல்லாம் போகணும். இல்லேன்னா இந்த நாற்காலிய விட்டுட்டு பழையபடி பேட்டரி விக்கப் போ.”

வேறொருவராக இருந்தால் பத்திரிகையை ஒளித்திருப்பார். அக்கா அந்தப் பக்கத்தை வெட்டி வாசல் கண்ணாடியில் ஒட்டினார். வாசல் தொலைக்காட்சியில் ஆட்டத்தை ஓடவிட்டார். பக்கத்திலேயே காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, மேலே எழுதினார்: ‘ஆடிப் பாருங்க. தோத்தவங்க மட்டும் எழுதுங்க.’

ஏனென்று கேட்டேன். “ஜெயிச்சவன் எதையும் நல்லாருக்குன்னுதான் சொல்வான் லா.”

எதிர்வரிசைத் தையல்காரர் எழுதினார்: ‘காலே இல்லாத காற்பந்து. என் மச்சான் அதுலயும் ஏமாத்துறான்.’ மலாய்க்காரப் பஸ் ஓட்டுநர் தன் மொழியில் எழுதியதைப் படித்து அக்கா சிரித்தார்: கோல்கீப்பர் தூங்குகிறான், காப்பி கொடுங்கள். பள்ளிச் சீருடையில் வந்த ஒருத்தி, ‘பத்திரிகை சொன்னது சரி. நாளைக்கு மறுபடி வர்றேன்.’ தோற்றவர்கள் திரும்பி வந்தார்கள், திரும்பவும் தோற்றார்கள், வீட்டில் ரகசியமாகப் பழகுவதற்கென்று வாங்கிப் போனார்கள்.

கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம் அக்கா என்னை ஆட அழைத்தார். ஏழு கோல் வாங்கித் தோற்றேன். அப்போதே எனக்குக் கவிதைக் கிறுக்கு. ‘பச்சை இரவில் மூன்று விண்மீன்கள் ஒரே துயரத்தைத் துரத்துகின்றன’ என்று எழுதினேன். அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அழகாத்தான் இருக்கு தம்பி. பந்து எங்க லா?”

கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதினேன்: ‘பந்து ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிடுங்கும் வழி அக்காவுக்கு மட்டும் தெரியும்.’ அன்று மாலையே இரண்டு பேர் அந்த வழியைக் கேட்டு வந்து, ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே பெட்டிகள் காலி. முதலாளி கண்ணாடி முன் நின்று தாள் முழுவதையும் படித்தார். “இன்னும் ரெண்டு பெட்டி சொல்லு.” அக்கா நாற்காலியைவிட்டு எழவில்லை. “மூணு சொல்லிட்டேன்.”

இப்போது என் மகள் ஆடும் காற்பந்தில் வீரனின் வியர்வைகூடத் தெரிகிறது. உலகமே இணையத்தில் அதற்குத் தீர்ப்பு எழுதுகிறது. நான் அவளிடம் தோற்றுவிட்டு எழுதும் மேசைக்கு வருகிறேன். இன்று காலை எழுதியது மூன்று பத்தி. காலண்டர் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். மூன்றிலும் பந்தைக் காணோம். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன்.