செட்டிங்ஸும் ஒரு வரி வசனமும்

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் செட்டிங்ஸ்தான். வீடு வீடாகப் போய்ச் சுவரில் டிவி மாட்டி, ஸ்பீக்கர் பொருத்திக் கொடுப்பது தொழில். மாட்டினோமா, கிளம்பினோமா என்று இருந்தால் பரவாயில்லை. மனிதர் ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "கடையில கண்ணைப் பறிக்கணும்னு வெளிச்சத்தை ஏத்தி வெச்சிருப்பாங்க. வீட்டுக்கு அது ஆகாது" என்று ஆரம்பித்து, வெளிச்சம், நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறைப்பார். வீட்டுக்காரர்கள் கொட்டாவி விடும்வரை எழுந்திருக்க மாட்டார். அவர் தலை மறைந்ததும் அவர்கள் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

சொந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். அத்தான் வீட்டில் நான் உருப்படியாக ஒரு படம் பார்த்ததில்லை. கதாநாயகன் குண்டடிபட்டுச் சாகக் கிடப்பான், இவர் சட்டென்று நிறுத்தி, "பாத்தியா, நிழல்ல ஒரு விவரமும் இல்ல. நெட் இழுக்குது" என்பார். இவர் மோடத்தைத் தட்டிவிட்டு வரும்வரை அவன் வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும். வசனம் கேட்கவில்லை என்று அக்கா சத்தத்தைக் கூட்டுவாள். அடுத்த நொடி சண்டை வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். குறைப்பாள். மறுபடி முணுமுணுப்பு.

"நடு ஸ்பீக்கரை மட்டும் ஏத்தணும்டி. வசனமெல்லாம் அதுலதான் வரும்."

"நீங்க பேசறது எதுல வருது? முதல்ல அதைக் குறைங்க."

இந்த மனிதருக்கு ஒரே பெண். அவள் ஒரு நாள் நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, நடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். அத்தான் கத்தவில்லை, குதிக்கவில்லை. "திரையில உன்னைப் பாக்கறேன். அப்புறம் பேசறேன்" என்றார். சொன்னபடியே பேச்சை நிறுத்தியும் விட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவளைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அக்கா வழியாகத் தூது. இப்படியும் ஒரு அப்பன்! மகளும் பிடிவாதத்தில் சளைத்தவள் இல்லை. ஆனால் முதல் படம் கிடைத்ததும் என்னிடம் வந்து அழுதாள். "மாமா, அப்பா ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா போதும். சொல்லலைன்னா இந்த ஒரு படத்தோட எல்லாத்தையும் விட்டுடறேன்" என்றாள். அத்தானைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த ஒரு படத்தில் அவளுக்கு ஒரே காட்சி. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, மூச்சிரைக்க ஓடிவருகிற ஒருவரிடம், "நீங்க வர்றதுக்குள்ள போயிட்டாருங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேஷம். படம் தியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக நெட்டில் வந்தது.

வந்த அன்று அத்தான் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினார். மோடத்தை ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து பிடுங்கி வந்து டிவிக்கு நேராக ஒயர் இழுத்தார். எங்கள் போன்களில் நெட்டை அணைக்க வைத்தார். பக்கத்து வீட்டுக்குப் போய், படம் முடியும்வரை மிக்சி போடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா ஸ்பீக்கர் சத்தமும் ஒழுங்காக வந்து சேருகிற இடம் பார்த்து ஒரு நாற்காலி போட்டார். அக்கா அதில் உட்காரப் போனாள். "அது உனக்கில்ல" என்றார். மகள் போய் உட்கார்ந்தாள்.

காட்சி வந்தது. அடேயப்பா, என்ன துல்லியம்! அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. வாயைத் திறந்து வசனத்தைச் சொன்னாள். அத்தான் படத்தை நிறுத்தினார்.

"சத்தம் சரியில்ல."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். நடு ஸ்பீக்கரை ஏற்றினார், இறக்கினார். ஒயரைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டினார். டிவியையே அணைத்துப் போட்டார். அந்த ஆளும் சலிக்காமல் ஓடிவந்துகொண்டே இருந்தார். இவளும் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஐயோ அத்தான், நல்லாத்தானே கேக்குது! படத்தை ஓட விடுங்க!" என்று கத்தினேன்.

"உனக்கு நல்லாத்தான் கேக்கும். இது என் பொண்ணு குரல் இல்ல. டிவி செட்டுல ஏதோ கோளாறு."

அடுத்தவர்கள் வீட்டு டிவியையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியவர், அன்று தன் கையால் மாட்டிய டிவியைத் திட்டினார். படமே ஏமாற்றியிருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. திரும்பவும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"செட்டுல ஒண்ணும் இல்லப்பா" என்றாள் மகள். தலை நிமிரவில்லை. "அது என் குரல் இல்ல. மெலிசா இருக்குன்னு வேற ஒருத்தியைப் பேச வெச்சுட்டாங்க. எனக்கே போன வாரம்தான் தெரியும். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கொடுத்ததே ஒரு வரி, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள் பாவிகள். அக்கா எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

அத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ரிமோட்டை எடுத்துக் காட்சியைப் பின்னால் ஓட்டினார். சத்தத்தை முழுக்க அணைத்தார். மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

திரையில் அந்த ஆள் சத்தமில்லாமல் ஓடிவந்தார். அவள் உதடு அசைந்தது. நாற்காலியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சொன்னாள்: "நீங்க வர்றதுக்குள்ள... போயிட்டாருங்க."

யாரோ நிஜமாகவே போய்விட்டதுபோல இருந்தது. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைப்பார் என்று நாங்கள் அவர் வாயையே பார்த்தோம்.

"உதடு முன்னாடி போகுது, நீ பின்னாடி வர்றே" என்றார் செட்டிங்ஸ். "மறுபடி சொல்லு. அடுத்த படத்துல எவனும் உன் குரல்மேல கை வெக்கக் கூடாது. அவசரமில்ல, சரியா வர்ற வரைக்கும் நான் போட்டுக்கிட்டே இருக்கேன்."