வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு தங்கமீன்

நீடாமங்கலம் இளையபெருமாளின் தங்கமீன் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. சொந்த வயல் அரிசிச் சோறு போடுகிறேனே, இன்னும் என்ன குறை என்று அவருக்கு எரிச்சல்.

மீன் தொட்டிக் கடைக்காரர் சொன்னார்: "சோறு வயித்துக்குத்தாங்க. நெறத்துக்குக் காஞ்ச கூனி இறாலப் பொடிச்சுப் போடுங்க. வெளிச்சம் படுற எடத்துல வைங்க."

கூனி அன்றே வந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எங்கே போவார்? வாசலில் வைத்தால் பூனை. வீட்டில் இருந்த ஒரே ஜன்னலை மறைத்து வெளியே அவருடைய அண்ணன் வைக்கோல் போர் போட்டிருந்தார். அந்தத் துண்டு மண் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் வழக்கு. வழக்குப் போட்டபோது இருந்த ஆட்சியே மாறிவிட்டது, வாய்தா மட்டும் ஓயவில்லை.

பொங்கலுக்கு வந்த மகள் தொட்டியைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அந்தச் செவப்பு மீனு செத்துப்போச்சா?"

"அதேதாம்மா இது. கேஸு இன்னும் முடியல."