பூட்டிய வீடுகள்

ராமநாதபுரத்தில் நான் பல வருடங்களாக நிருபர். போட்டிப் பத்திரிகைக்கு ரஹீம் வந்த பிறகு முதல் பக்கம் அவனுடையதாகிவிட்டது. பிரவுசிங் சென்டரில் அவன் பார்க்கும் இணைய வரைபடம்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். ஓர் ஊரின் மேல் சொடுக்கினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரமெல்லாம் வந்துவிடும்.

அவன் எழுந்து போனதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயல்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் பாதி வீடுகள் ஆளில்லாதவை என்றிருந்தது. நேரில் போய் வருவதற்குள் அவன் முந்திவிடுவான் என்று பயந்து, 'காலியாகும் கிராமம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மாலை டீக்கடையில் என்னால் அடக்க முடியவில்லை. ஊரின் பெயரைச் சொல்லி, "நாளைக்கு எங்க பேப்பரப் பாரு தம்பி" என்றேன்.

ரஹீம் கிளாஸைக் கீழே வைத்தான். "அனுப்பிட்டீகளாண்ணே? நானும் அதப் பாத்துட்டு பஸ் ஏறிப் போனேன். ஒருத்தரும் ஊர விட்டுப் போகல. பதநீர் காலத்துல வீட்டப் பூட்டிட்டு, பிள்ளகுட்டியோட பனங்காட்டுல குடிசை போட்டுத் தங்கிருவாக. அந்த நேரம் பாத்து கணக்கெடுத்திருக்காக. ஊரே சிரிக்கும்ணே, போனப் போட்டு நிப்பாட்டுங்க."

அச்சுக்குப் போகுமுன் நிறுத்தினேன்.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், வாயைத் திறக்காமல் மறுநாள் பேப்பருக்குக் காத்திருந்திருப்பேன். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதுவரை அவனுடைய செய்திகளைப் பார்த்து மட்டும்தான் பொறாமைப்பட்டிருந்தேன்.