வைஃபை இருந்தால் மட்டும்

இன்டர்நெட் சொற்களை விளக்கிச் சொல்வது என் பிழைப்பு. கற்பிட்டியில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பெண்களுக்கு மட்டும் வகுப்பு. பழைய கம்ப்யூட்டர் சில, காலாடும் கதிரைகள், சுவரில் வைஃபை பெட்டி ஒன்று. அந்தத் தெருவிலேயே வைஃபை உள்ள இடம் அது ஒன்றுதான். மற்ற எல்லா வீட்டிலும் டேட்டா கார்ட்தான். அதையும் சீனி போல அளந்துதான் செலவழிப்பார்கள்.

இந்தச் சொற்களைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. தங்களுக்குள் கதைத்துக்கொள்ள வைத்த பெயர்களை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இன்டர்நெட் என்றால் உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் பிணைத்துவைத்திருக்கிற வலை என்று முதல் நாள் சொன்னேன். "வலையெண்டா பொத்தல் இரிக்குமே மிஸ்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம் என்று நானும் சிரித்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போனேன்.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். கடைசிக் கதிரையில் இருந்தாள். மடியில் ஒரு புதிய போன், கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரு பழைய போன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அந்தப் பையை என் மேசையில் வைத்தாள். உப்பு வாடை அடித்தது.

"கருவாட்டுத் தொட்டிக்குள்ள விழுந்திட்டு மிஸ். எடுத்தும் சரிவரல்ல. புத்தளத்தில திருத்துறவர் பாத்திட்டு, உள்ளுக்க எல்லாத்தையும் உப்பு திண்டிட்டு எண்டுட்டார். ஆனா வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கிளவுட்டில இரிக்குமாம். கிளவுட் எண்டா என்ன மிஸ்?"

வகுப்புக்கு அவள் வந்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். சொன்னேன். நீ கேட்டதை எடுத்துத் தருகிற கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். அது எங்கேயோ ஒரு நாட்டில், யாரோ ஒரு கம்பனியின் கட்டடத்தில் இருக்கும். உன் போனில் உள்ளதை அங்கே ஒரு பிரதி எடுத்துவைத்தால் அதுதான் பேக்கப். அந்த இடத்துக்கு வைத்த அலங்காரப் பெயர்தான் கிளவுட்.

"அப்ப அவர்ட குரல் அங்க இரிக்கி" என்றாள்.

இருக்கலாம் என்றேன். அவளுக்கு அந்த 'லாம்' காதில் ஏறவில்லை.

அவள் கணவன் கடலுக்குப் போனவன். போன வருடக் காற்றுக்காலத்துக்கு முன் போன படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களும் இல்லை, ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. மையத்து கரைக்கு வராததால், புருஷன் செத்தால் மறைவாக இருக்கிற இத்தாவை அவள் இருக்கவில்லை. இருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். என் மகன் உயிரோடிருக்கும்போது எதற்கு இத்தா என்று மாமியார் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்தியக் கரையில் பிடிபட்டு மறியல் சிறையில் கிடந்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தக் கதைகளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு நின்றது.

மாமியாரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, பாயை மடிக்காமலே, மகனின் நம்பரை அடிப்பாராம். இந்த நம்பருக்கு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று பதிவுசெய்த பெண் குரல் மூன்று மொழியிலும் சொல்லும். மூன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். "இண்டைக்கும் அவள்தான் பேசினாள்" என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போவாராம்.

மருமகளுக்கு இருந்தவை அந்தக் குரல் செய்திகள். அதில் காதல் வசனம் ஒன்றும் இல்லை. பாண் வாங்கிவை, சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா, உப்பைக் கூடப் போடாதே. கடைசியாக வந்ததில் ஏதோ சொல்லத் தொடங்கி, நடுவில் படகில் யாரையோ ஏசி, சொல்ல வந்ததை மறந்துவிட்டு, "சரி, உடு, வந்து செல்றன்" என்று, வந்து சொல்வதாக முடித்திருக்கிறான். கருவாட்டுக்கு உப்புப் போடும்போது அதைத்தான் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வழுக்கியது.

புதிய போனில் அவளுடைய சொந்த சிம் இருந்தது. மெசேஜ் செயலி திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பிரதி கிடப்பது ஈமெயில் கணக்கில். அதன் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியாது. "அவர்தான் எல்லாம் போட்டுத் தந்தவர்" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது, அவள் மேல் அல்ல. எங்கள் பக்கத்தில் கரண்ட் முதல் காஸ் சிலிண்டர் வரைக்கும் வீட்டு ஆம்பிளையின் நம்பரில்தான். பொம்பிளைக்கு ஒரு ஈமெயில் திறந்தாலும் அவன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினேன். ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. எந்த நம்பருக்கு என்பதைக் கடைசி இரண்டு எண்களால் மட்டும் காட்டியது. அவளுக்கு அந்த இரண்டே போதும்.

"அவர்ட போனுக்குப் போயிட்டு" என்றாள்.

ஓடிபி என்றால் என்ன என்று விளக்கினேன். அந்த நம்பர் உன் கையில்தான் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அனுப்புகிற ஒருமுறை இலக்கம். கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது காலாவதியானது.

ஒரு வழி இருந்தது. சிம் கம்பனியின் புத்தளம் அலுவலகத்தில் அதே நம்பருக்கு வேறு சிம் எடுக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். புதிய சிம் உயிர்பெற்ற நிமிடமே பழையது செத்துவிடும். ஒரு நம்பருக்கு இரண்டு சிம் இருக்காது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் எங்கயாச்சும் கரையேறி, போனப் போட்டா?"

"வேலை செய்யாது."

"எனக்கு கோல் எடுத்தா?"

"உன் நம்பர் அவருக்கு மனப்பாடம்தானே. வேறு போனில் எடுக்கலாம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், வேறென்ன செய்ய.

அதற்குப் பிறகு சில வாரம் அவள் வகுப்புக்கு வந்தாள், கிளவுட்டைப் பற்றிப் பேசவேயில்லை. ப்ரௌசர் என்றால் என்ன, லிங்க் என்றால் என்ன, கண்ட லிங்க்கை எல்லாம் ஏன் அழுத்தக்கூடாது, எல்லாம் படித்தாள். ஒரு நாள் நான் கதவைப் பூட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"இண்டைக்கு சுபஹுக்கு எழும்பி யோசிச்சன் மிஸ். 'வந்து செல்றன்' எண்டு அவர் எப்பிடிச் செல்லுவார் எண்டு. வருகிதில்ல. என்ட குரல்தான் வருகிது." பிறகு சொன்னாள்: "அவர் வரமாட்டார் மிஸ். எனக்குத் தெரியும். மாமிக்குத்தான் தெரியாது."

புதிய சிம்முக்கு வேண்டிய சான்றுக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு நானும் அவளும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். கம்பனி கவுன்டரில் இருந்த பெண்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. சிம்காரர் இறந்துவிட்டாரா என்று சிங்களத்தில், மரியாதையாகத்தான், கேட்டாள். இவளுக்கு நல்ல சிங்களம் வரும், சிலாபத்து மீன் முதலாளிகளோடு விலை பேசுகிறவள். என்றாலும் கேள்வியை இன்னொரு முறை கேட்கவைத்தாள். கடைசியில் "ஓவ்" என்றாள். தமிழில் அந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் ஓம் என்று சொன்னதில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றபோது என் கையைப் பிடித்தாள்.

சிம் வேலைசெய்யப் பின்னேரம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து, வகுப்பில்லாத வாசிகசாலையில், அவள் போனின் இரண்டாவது துளையில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். சிக்னல் கோடுகள் எழும்பின. எங்கேயோ கடலடியில் கிடந்த ஒரு சிம் அந்த நேரத்தோடு செத்தது. அவள் உதடு அசைந்தது, இறைவனிடம் துஆவாக இருக்கலாம்.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்ற இடத்தை மறுபடி அழுத்தினேன். டிங் என்று இலக்கம் வந்தது. அவளையே அடிக்கச் சொன்னேன், ஒரு எண் பிழையில்லாமல் அடித்தாள். கணக்குத் திறந்தது. மெசேஜ் செயலியை அழித்துப் புதிதாகப் போட்டேன். பிரதி தேடப்படுகிறது என்று ஒரு வட்டம் சுற்றியது.

பிரதி எதுவும் கிடைக்கவில்லை.

நான் விடவில்லை. மறுபடி தேடினேன். கணக்குக்குள் போய், சேமிப்பில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். துடைத்துவைத்த சட்டிபோல இருந்தது. இது எப்படி, பேக்கப் போட்டுத்தானே தந்தார் என்று அவளிடமே கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் யோசித்தாள். "போட்டவர் மிஸ். என்னட்ட காட்டினவர். 'வைஃபை இரிந்தா மட்டும்' எண்டு ஒண்டு இரிக்கி, அதப் போட்டுட்டன், இனி உன்ட டேட்டா வீணாப் போகாது எண்டவர்."

கெட்டிக்காரன். டேட்டாவை மிச்சம் பிடித்திருக்கிறான். வைஃபை கிடைத்ததும் பிரதி எடுப்போம் என்று அந்தப் போன் அவள் தோளில், மடியில், கருவாட்டுத் தொட்டிக்கு மேலே, நாள்முழுக்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வைஃபை இல்லாத வீடு, வைஃபை இல்லாத தெரு. இந்த அறைக்குள் ஒரு பின்னேரம் அதைச் சார்ஜில் போட்டுவைத்திருந்தால் போதும். போன் செத்தபிறகுதானே அவள் இங்கே வந்தாள்.

அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாச் சொல்லும் இப்போது அவளுக்குத் தெரியும். வைஃபை தெரியும், பேக்கப் தெரியும். "அப்ப அங்க ஒண்டும் போகல்ல" என்று அவளே சொன்னாள். அழவில்லை. பொலித்தீன் பையில் இருந்த பழைய போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, திரும்பப் பைக்குள் வைத்தாள்.

அஸர் பாங்கு முடிந்து கொஞ்சநேரம் இருக்கும். மேசையில் இருந்த புதிய போன் அடித்தது. அவளுடைய சிம் அல்ல, மற்றது. திரையில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன், இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கிழவிக்கு மூன்று மொழியிலும் இல்லை என்று சொன்ன நம்பர் இன்றைக்கு அடிக்கிறது.

"எடுக்காதே" என்று சொல்ல வாய் திறந்தேன். எடுக்காவிட்டால் கிழவி என்ன நினைப்பார் என்று தோன்றியதும் மூடிக்கொண்டேன். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவள் பச்சையை அழுத்தினாள், காதில் வைத்தாள். கிழவிக்குக் காது மந்தம், போனில் கத்தித்தான் பேசுவார். எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"மகன். என்ட வாப்பா. எங்க இரிக்கிறாய் மகன்?"

"மாமி" என்றாள் அவள். "நான்தான்."

அந்தக் குரல் சந்தோசத்தில் இன்னும் உரத்துக் கேட்டது:

"வந்திட்டானா மகள்? அவனிட்டக் குடு."